ஹால் சுவரில் பாலைவனம்

"மானாமதுரை தாண்டியாச்சு புள்ள" என்று போனில் சொன்னது நெய்னா முகம்மதுதான், கருகமணி கட்டிய சொந்தப் புருஷன்தான், அதில் சந்தேகம் ஒன்றுமில்லை, ஆனால் ஹாஜராவுக்கு அந்தக் குரல் சட்டென்று பிடிபடவே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் குரல் என்றால் அதற்குப் பின்னால் ஓர் இரைச்சல் இருக்கும், இவள் 'சாப்பிட்டீங்களா மச்சான்' என்று கேட்டுவிட்டு வாயை மூடினால் ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் அந்தப் பக்கமிருந்து 'ம்' வரும், அந்த இடைவெளிக்குப் பழகிப்போய் அதற்குள் பொங்குகிற பாலை இறக்கி வைத்துவிட்டுக்கூட வந்துவிடுவாள். இன்றைக்கு 'ம்' உடனே வந்து விழுந்துவிட்டது. கை ஓடவில்லை கால் ஓடவில்லை, 'சரி, பாத்து வாங்க' என்று சொல்லி வைத்துவிட்டாள். நல்ல கூத்துதான்! பாத்து வாங்கவாம், விருந்துக்கு வருகிற சம்பந்தியிடம் சொல்வது மாதிரி. மனுஷன் விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு, இனிமேல் போவதில்லை என்று ஒரேயடியாக வருகிறார், அக்கா மகன் அசன் மதுரை ஏர்போர்ட்டுக்கே காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், மானாமதுரை தாண்டினால் பரமக்குடி, பரமக்குடி தாண்டினால் ராமநாதபுரம், அப்புறம் கடற்கரை ரோட்டில் திரும்பினால் வீடு. இதைத்தானே கல்யாணமான வருஷத்திலிருந்து துஆவில் கேட்டுக்கொண்டிருந்தாள்? கேட்டது கிடைக்கப்போகிற நேரத்தில் இப்படிப் பதறுவானேன்? எல்லாம் இந்த பாத்திமுத்து மச்சியால் வந்தது.

மச்சி என்றால் நெய்னாவின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி, அசனைப் பெற்றவள். தம்பி வருகிறான் என்று வட்டலப்பம் செய்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். வந்தவள் தூக்கை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போயிருக்கக் கூடாதா? ஹாலில் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சுவரையே பார்த்தாள். "இது என்னடி புள்ள, மண்ணு?" "பாலைவனம் மச்சி. படம். கண்ணாடி போட்டு ஃபிரேம் போட்டே வந்துச்சு, ரிஸ்வானா வாங்கிக் குடுத்தா." மச்சி இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்குரலில், "ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? அந்த மண்ணுலயே கெடந்து வெந்து, யா அல்லா போதும்னு ஓடி வர்றான் அந்த மனுசன். செயில்லேருந்து வர்றவன் வீட்டுக்குள்ள நொழஞ்சதும் செயிலையே படம் புடிச்சு எதுத்தாப்புல மாட்டி வெச்ச மாதிரி இருக்கு. நல்லா வரவேத்த போ!" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், கொதிக்கிற ஆணத்துக்கு, குழம்புக்கு, உப்புப் பார்க்கிறாள், நாக்கைச் சப்புகிற சத்தம்கூட இங்கே கேட்கிறது. சொல்கிறவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஹாஜரா அந்த இடத்திலேயே சோபா நுனியில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. யா அல்லாஹ், இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று? ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. பெயிண்ட் அடித்து, திரைச்சீலை மாற்றி, தலையணை உறைவரைக்கும் யோசித்து யோசித்துச் செய்தவள், இதை மட்டும் யோசிக்காமல் விட்டிருக்கிறாள்.

மகள் ரிஸ்வானாவையும் குறை சொல்ல முடியாது. திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறவள், லீவுக்கு வந்தபோது, "உம்மா, புதுசா பெயிண்ட் அடிச்ச சுவரு இப்படி மொட்டையா இருக்கே, ஒரு பக்கம் கஅபா படம், ஒரு பக்கம் கடிகாரம், நடுவுல ஒண்ணுமே இல்ல" என்று போனைத் திறந்து காட்டினாள். வீட்டில் மாட்டுகிற படங்கள், எல்லாம் நவீன ஓவியமாம், யாரோ எங்கேயோ வரைந்ததை அச்சடித்து, கறுப்புச் சட்டம் போட்டு வீட்டுக்கே அனுப்புவார்களாம். முதலில் ஒரு குதிரை வந்தது. "உருவம் வேணாம்டி, உசுருள்ளது மாட்டுனா அல்லா அனுப்புற மலக்குமார் வீட்டுக்குள்ள வர மாட்டாக." அப்புறம் ஒரு பொம்பளை, முகமே இல்லை, இருந்தாலும் பொம்பளை பொம்பளைதானே, வேணாம். அப்புறம் மணலில் கிடக்கிற மாட்டு மண்டையோடு. "இதுக்குத்தான் உசுரு இல்லையே உம்மா?" என்று கேட்டுவிட்டு மகள் சிரிக்கிறாள். எலும்புக்கு உயிர் இல்லைதான், ஆனால் ஒரு காலத்தில் இருந்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பள்ளிவாசல் ஹஜரத்திடமா போய்க் கேட்க முடியும்? வேணாம் வேணாம், தள்ளு. தள்ளத் தள்ளக் கடைசியில் மிஞ்சியது பூக்களும் பாலைவனமும்தான். பூவிலேயே எத்தனை! ஒவ்வொன்றும் திரை முழுக்க விரிந்து, தண்டு இல்லை, இலை இல்லை, நேராக உள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறது. அதில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்ததும் ஹாஜராவுக்கு விரல் நின்றுவிட்டது. அடி ஆத்தி, இது ஊமத்தம்பூவல்லவா? அடக்கம் பண்ணுகிற மையவாடிச் சுவர் ஓரத்தில் முளைத்துக் கிடக்குமே, ஆடுகூட வாய் வைக்காதே, சின்னப் பிள்ளையில் தொட்டால் உம்மா கையில் ஒன்று போடுவாளே, அந்தப் பூ. அதைப் போய் ஒருவர் இத்தனை கிட்டே நின்று, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டு அகலத்துக்கு, மடிப்பு மடிப்பாக, வெள்ளைக்குள்ளே இருக்கிற பச்சையைக்கூட விடாமல் வரைந்து வைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்! அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தன்னை யார் இப்படிக் கிட்டே வைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது, உடனே சீ என்று அதை விரட்டினாள், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன நினைப்பு இது? "இதையும் போடுடி" என்றாள். பூ இப்போது உள் அறையில், கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. மச்சி அதை இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் அதற்குத் தனியாக ஒரு பாட்டு இருக்கிறது.

பாலைவனத்தையும் ரிஸ்வானா எடுக்கவில்லை, அதை எடுத்தது இவளேதான், அதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. சிவப்பு மேடு ஒன்று, அதற்குப் பின்னால் மஞ்சளாக இன்னொன்று, கீழே கறுப்பாக ஒரு பட்ட மரம், மேலே ஒரு சொட்டு மேகம்கூட இல்லாத வானம். பார்த்தவுடனே, "இதுதாண்டி, இதேதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். "நீ எப்ப பாத்த?" என்று மகள் கேட்டாள். எப்போது பார்த்தாள்? ராமநாதபுரம், அதைத் தாண்டி மதுரை, ஒரே ஒரு தடவை நாகூர், அவ்வளவுதான் இவள் பார்த்த உலகம். ஆனாலும் இதைப் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி நாற்பது நாள் முடியாமல் அவர் ஏறிப்போன அன்றைக்கே அந்த ஊர் இவளுக்குள் முளைத்துவிட்டது. முதலில் வெறும் மணல். அப்புறம் அவர் போட்டோ அனுப்பினார், ஏதோ ஒரு வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொண்டு, யாருடைய காரிலோ கை வைத்துக்கொண்டு, ஆப்பிள் அடுக்கின தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு. பெரிய மார்க்கெட்டில் வேலை என்பது தெரியும், அந்தச் சுவருக்குப் பின்பக்கம் மணல்தான் என்று இவளே வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மேடு வந்தது, ஒரு மரம் வந்தது, மரத்தடியில் அவர் வேலை முடிந்து உட்காருவார், இவள் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு அவரைத் தேடி நடப்பாள். கரண்டு போன மத்தியானங்களில், விசிறிக்கொண்டே, பிள்ளையைத் தட்டிக்கொண்டே, அங்கே போய்விட்டு வருவாள். ஓதிக்கொடுத்த உஸ்தாது சொல்வார், ஹாஜரா அம்மையாரை மணல்காட்டில் கைப்பிள்ளையோடு விட்டுவிட்டு இப்ராஹிம் நபி நடந்துபோனார்கள், அந்தம்மா பிள்ளையின் தாகத்துக்குத் தண்ணீர் தேடி மலைக்கும் மலைக்கும் ஓடினார்கள் என்று. பேரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த இந்த ஹாஜரா கடற்கரை ஊரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க, மணலுக்குப் போனது புருஷன். அப்புறம் எப்படி அந்த மணலை விட்டுக்கொடுப்பாள்? அவர் கஷ்டப்படுகிற இடத்தில் தானும் கொஞ்சம் இருக்க வேண்டாமா என்றுதான் போய்ப் போய் வந்தாள்.

ஆனால் அவருக்கு அப்படியா இருக்கும்? அவருக்கு அது வெயில், வேர்வை, ஃபோர்மேன் ஏச்சு, ஒரே ரூமில் பத்துப்பேர் குறட்டை. கதவைத் திறந்து வருவார், ஸலாம் சொல்வார், தலையை நிமிர்த்துவார், சிவப்பாக அது நிற்கும். முகம் என்ன ஆகும்? அந்த முகம்தான் இவளுக்குப் பயம். லீவில் வருகிற நெய்னா முகம்மதை இவளுக்குத் தெரியும்: செண்டு வாசனை, சாக்லேட்டுப் பொட்டி, சொந்தக்காரர் வீட்டு விருந்து, போகிற நாள் நெருங்க நெருங்க ரெண்டு பேரும் கோபித்துக்கொள்ளாமல் ஜாக்கிரதையாக நடந்துகொள்வது. லீவில் யாரும் யாரிடமும் முகம் சுளிப்பதில்லை, அதற்கு நேரமே இல்லை. ஒரேயடியாக வருகிற நெய்னாவைத் தெரியாதே! எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், மத்தியானம் தூங்குவாரா, பேசிக்கொண்டே இருக்கச் சொல்வாரா, சும்மா இருக்கச் சொல்வாரா? மேலத்தெருவில் ஒருத்தர் கேன்சலில் வந்து, முதல் நாளே சோற்றில் கல் என்று தட்டைத் தள்ளினார், அதிலிருந்து அந்த வீட்டில் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை, ஒருத்தர் ஹாலில் என்றால் ஒருத்தர் அடுப்படியில். ஒரு கல்தான். இது கல்லு மட்டுமா, ஒரு பாலைவனமே இருக்கிறதே. முதல் நிமிஷம் கோணிப்போனால் மிச்சமிருக்கிற வாழ்க்கை பூராவும் கோணிப்போகும் என்று யாரோ காதில் சொல்கிற மாதிரி இருந்தது, மச்சிதான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள், மச்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. பரமக்குடியாம், டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்களாம், அசன்தான் பேசினான். "மாமா எங்கடா?" "வெளிய நிக்குறாக மாமி. வெயில்ல." "ஏண்டா வெயில்ல நிக்க விட்ட?" "நானா விட்டேன்? கூப்புட்டா வர மாட்டேங்குறாக." மனுஷன் இன்னும் அந்த ஊரிலேயே நிற்கிறார், பழக்கம் விடவில்லை, பாவம். இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தை ரெண்டு கையாலும் தூக்கிக் கழற்றினாள். பார்க்கத்தான் பெரிசு, தூக்கினால் கனமே இல்லை. உள் அறைக்குக் கொண்டுபோய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, செருகிவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் ஹால் சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. அது என்னமோ திட்டுகிற மாதிரி நின்றது. ஜமாஅத் காலண்டரை எடுத்து அதில் மாட்டினாள், அகலச் சுவருக்கு நடுவில் அது எலும்பும் தோலுமாகத் தொங்கியது, தொழுகை நேரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். "ம், இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றாள் மச்சி, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு. வீடு மாதிரிதான் இருந்தது. யார் வீடு மாதிரியோ.

உட்கார்ந்தாள், எழுந்தாள், குஷனைத் தட்டினாள். பீரோவுக்குப் பின்னால் ஒருத்தியைத் தள்ளிவிட்டு வந்த மாதிரி மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதென்ன பைத்தியக்காரத்தனம், அச்சடித்த காகிதம்தானே, கண்ணாடியும் சட்டமும்தானே. இல்லை, அது காகிதம் என்றால் இத்தனை வருஷம் இவள் எங்கே இருந்தாள்? ஊர்க்காரர்கள் கேட்டால் இந்த வீட்டில் இருந்தாள் என்பார்கள். மளிகைக்கடைக்காரரைக் கேட்டால் இந்தத் தெருவில் என்பார். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார், நம்ம ஹாஜரா வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று. அதுதான் பாதிப் பொய்யாயிற்றே. பாதி நேரம் அந்த மரத்தடியில்தானே இருந்தாள். அவர் வந்து இறங்குகிற முதல் நிமிஷத்திலேயே தான் இருந்த இடத்தை மறைத்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றால், அப்புறம் எந்த நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவாள்? இன்றைக்குப் படம், நாளைக்குச் சோறு வேண்டாம் என்று தோன்றினால் அதையும் மறைப்பாள், அழுகை வந்தால் மறைப்பாள், லீவில் வந்தவரிடம் நடந்துகொண்ட மாதிரியே மௌத்தாகி மண்ணுக்குள் போகிற வரைக்கும் ஜாக்கிரதையாக நடந்துகொள்வாள். அதற்கு அவர் அங்கேயே இருந்திருக்கலாமே! கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்தான், ஆனால் அது வந்ததும் காலுக்குத் தெம்பு வந்துவிட்டது. முகம் சுளித்தால் சுளிக்கட்டும். என் மச்சான், நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே போய்ப் படத்தை உருவி எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, காலண்டரைக் கழற்றி சோபாமேல் எறிந்துவிட்டு, நாற்காலிமேல் ஏறினாள். "அடியே, என்னடி பண்றே? ராம்நாடு தாண்டியிருப்பாங்கடி!" "தாண்டட்டும் மச்சி." "அவன் மூஞ்சி சுருங்கிச்சுன்னா என்னயக் குத்தம் சொல்லக்கூடாது!" "சொல்லல மச்சி. நாற்காலியக் கொஞ்சம் புடிங்க." மச்சி முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடித்தாள்.

படம் ஆணியில் ஏறி, இவள் காலைக் கீழே வைப்பதற்கும் தெருவில் ஹார்ன் கேட்பதற்கும் சரியாக இருந்தது. மச்சி ஓடினாள். ஹாஜரா முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். காரிலிருந்து இறங்கினார். இந்த உச்சி வெயிலில், முழுக்கை வைத்த சாம்பல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு! அக்கா கட்டிப்பிடித்து அழுகிறாள், அசன் பெட்டி இறக்குகிறான், எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிக்கின்றன, அவர் நடந்து வந்தவர் வாசலுக்கு நாலடி முன்னால் முற்றத்தில் நின்றுவிட்டார். கண்ணை மூடி, முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஏன் உள்ளே வரவில்லை? இங்கிருந்தே படத்தைப் பார்த்துவிட்டாரா? பார்க்க முடியாதே, உள்ளே இருட்டு. தாடியில் இத்தனை நரை போன தடவை இல்லை. "மச்சான்" என்றாள். "மச்சான், உள்ள வாங்க, வெயிலு." அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். "இரு புள்ள. கொஞ்சம் காஞ்சுட்டு வர்றேன்" என்றார்.

காய்ந்துவிட்டு வந்தார். ஸலாம் சொன்னார். செருப்பை ஓரமாக விட்டார், தண்ணீர்ச் சொம்பை வாங்கினார், அண்ணாந்து குடித்தார், அப்படி அண்ணாந்தபோதுதான் பார்த்தார். சொம்பு பாதியில் நின்றது. "நான் கழட்டத்தான் சொன்னேன், அவதான் கேக்கல" என்று மச்சி பின்னாலிருந்து ஆரம்பித்தாள். அவர் காதில் வாங்கவில்லை. கிட்டே போனார், மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி. "இது எந்த ஊரு புள்ள?" என்று கேட்டார். "நீங்க இருந்த ஊருதான்" என்றாள். "நானா?" என்று திரும்பினார். முகம் சுருங்கவில்லை, புரியாத பிள்ளை முகமாக இருந்தது. "நான் எங்க பாலைவனத்தப் பாத்தேன்? ரூம்லேருந்து வேன்ல ஏத்துவான், வேன் கண்ணாடில கறுப்புப் பேப்பர் ஒட்டியிருக்கும். இறக்குனா மார்க்கெட்டுக்குப் பின்வாசல். உள்ள போனா கோல்ட் ரூமு. மீனும் கோழியும் ஐஸுந்தான். ஒருக்கா பெருநாளைக்குக் கம்பெனில பஸ்ஸு வெச்சு எல்லாரையும் மணலு பாக்கக் கூட்டிட்டுப் போனான். அன்னைக்கு எனக்கு டூட்டி." "அப்ப வெயிலு, வெயிலுன்னு சொல்லுவீகளே?" "நீ வெயிலு எப்படின்னு கேப்ப. நானும் வெயிலுதான்னு சொல்லிடுவேன். குளிருதுன்னு சொன்னா நீ நம்பவா போற?" சொல்லிவிட்டு ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஹாஜராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்பில் அழுகை வந்து கலந்துகொண்டது, எதை நிறுத்துவது என்று தெரியாமல் ரெண்டையும் விட்டாள். இத்தனை காலம் எங்கோ பெரிய ஊரில், பெரிய வெளியில், தனக்குத் தெரியாத எதையெல்லாமோ பார்த்துக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார் என்று பயந்து கிடந்தாளே, இவரும் தன்னை மாதிரியே ஒரு அறைக்குள்தான் இருந்திருக்கிறார், ஒரு சன்னல்கூட இல்லாமல்! பாவி மனுஷன், இதைச் சொல்ல ஒரு வாய் இல்லையா? கேட்க எனக்கு ஒரு வாய் இல்லையா? அவர் சோபாவில் கிடந்த காலண்டரைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இவள் நின்றுகொண்டே இருந்தாள், லீவில் வந்தால் அப்படித்தான் நிற்பாள். "உக்காரு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தாள். மச்சி சோறு எடுத்துவைக்கப் போனாள். பள்ளியில் மத்தியான ளுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடித்தார்கள். அப்புறம் அவர், கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமலேயே, "அந்தச் செகப்பு மேட்டுக்கு அங்கிட்டு என்ன இருக்கும் புள்ள?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியும். "அங்கிட்டு ஒரு பள்ளம் மச்சான்" என்று ஹாஜரா ஆரம்பித்தாள், "காலைல அதுல மணலு சில்லுன்னு இருக்கும், செருப்புப் போடாம நடக்கலாம்."